டக்ஸ்ஃபர்ட்: விமானம் படமெடுப்பவர்கள் சாதாரண நாளில் போக வேண்டிய இடம்

மூன்று கோடைகளில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் விமான அருங்காட்சியகத்துக்கு ஆறு முறை போய்விட்டேன். இரண்டு முறை ஏர் ஷோ நாள், நான்கு முறை எந்த விசேஷமும் இல்லாத வார நாள். விமானங்களை அடையாளம் கண்டு படமெடுக்கும் ஆசை வந்த நண்பர்கள் எல்லோரும் "எந்த ஏர் ஷோவுக்கு டிக்கெட் எடுக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏர் ஷோ பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ போய் வாருங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டக்ஸ்ஃபர்ட் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே, எம்11 நெடுஞ்சாலையின் 10ஆம் சந்திப்பை ஒட்டியே இருக்கிறது. இம்பீரியல் வார் மியூசியத்தின் கிளை. இரண்டாம் உலகப்போரில் பேர் வாங்கிய ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்களில், பிரிட்டிஷ் விமானப்படையின் முதல் சில 1938 ஆகஸ்டில் வந்து இறங்கியது இந்தத் தளத்தில்தான், 19ஆம் ஸ்குவாட்ரனுக்கு. அந்த ஓடுபாதை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் மற்ற பல அருங்காட்சியகங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். கோடையில் வானிலை நன்றாக இருந்தால், காசு கொடுத்து ஏறிய பயணியைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயர் ஒன்று கிளம்பும், 1934இல் முதன்முதலில் பறந்த டிராகன் ராப்பிட் வகை இரட்டை இறக்கை விமானம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் டைகர் மாத், ஹார்வர்ட் என்று பழைய பயிற்சி விமானம் ஏதாவது வரும். ஹேங்கருக்குள் நிற்கும் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அதே வகை தலைக்கு மேல் போவதைப் பார்க்கலாம். அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அண்ணன் மகள் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினாறு வயது, கையில் புது கேமரா. உள்ளே நுழைந்ததும் ஓடுபாதைப் பக்கம் ஓடப் பார்த்தாள். "முதல் ஒரு மணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்மா" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் கேட்டுக்கொண்டாள். ஹரிக்கேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் முன்னால் போய் நின்று, "சித்தப்பா, இதுவும் ஸ்பிட்ஃபயர்தானே?" என்றாள். எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். இரண்டும் ஒரே காலம், ஒரே மெர்லின் இன்ஜின், ஒரே பச்சையும் பழுப்பும் கலந்த பூச்சு. ஹரிக்கேனின் முதுகு கூன் போட்டது போல உயர்ந்திருக்கும், இறக்கை தடிமனாக இருக்கும், உடலின் பின்பாதி துணி போர்த்தியது என்பதால் உள்ளே இருக்கும் சட்டங்கள் வரிவரியாகத் தெரியும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை மெல்லியது, நீள்வட்டமாகக் குறுகிக்கொண்டே போகும். கிளம்பும்போது இன்னும் சுலபம்: ஹரிக்கேனின் சக்கரங்கள் அகலமாக நின்று உள்பக்கம் மடியும், ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமாக நின்று வெளிப்பக்கம் மடியும். மதியம் ஒன்று ஏறும்போது சக்கரம் மடிவதைப் பார்த்துவிட்டு அவளே பெயரைச் சொன்னாள். அதற்கப்புறம் எடுத்த படங்களும் வேறு மாதிரி இருந்தன, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

ஸ்பிட்ஃபயர் என்று கண்டுபிடித்தால் போதாது, எந்த ரகம் என்பது அடுத்த கேள்வி. இறக்கையின் அடிப்பக்கம் பாருங்கள். மார்க் 5 வரை ஒரு பக்கம் பெரிய ரேடியேட்டர், மறுபக்கம் ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பான். மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி, ப்ரொப்பெல்லருக்கு நான்கு இதழ். மார்க் 14க்கு வந்தால் ஐந்து இதழ், கிரிஃபன் இன்ஜின், மூக்கு நீண்டு மேலே இரண்டு புடைப்புகள், சுற்றும் திசையும் மெர்லினுக்கு நேர் எதிர். டக்ஸ்ஃபர்டில் பல ஆண்டுகள் பறந்த மார்க் 14களில் எம்வி293 என்பது இந்தியாவிலிருந்து மீட்டு வந்த விமானம். போர் முடிந்தபின் நம் விமானப்படைப் பயிற்சிக்குப் பயன்பட்டு, 1970களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, மறுபடி பறக்க வைக்கப்பட்டது. இதை முதலில் அறிந்த அன்று அந்த விமானத்தை எடுத்த படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உடலில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து மட்டும் பெயர் எழுதாதீர்கள். பறக்கும் பழைய போர் விமானங்கள் பலவற்றுக்கு வேறொரு விமானத்தின் எண்ணும் வண்ணமும் பூசியிருப்பார்கள், ஒரு விமானியின் நினைவாக, ஒரு படைப்பிரிவின் நினைவாக. இரண்டு வருட இடைவெளியில் ஒரே விமானம் இரண்டு பெயரில் உங்கள் தொகுப்பில் வந்துவிடும். உண்மையான பதிவெண்ணை வேறு வழியில் சரிபார்த்து, படத்தின் குறிப்பில் இரண்டையும் எழுதி வைப்பது என் வழக்கம்.

ஹேங்கரில் நின்றிருந்த முதிய தன்னார்வலர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததையும் எழுதிவிட வேண்டும். ஜெர்மானிய மெஸர்ஷ்மிட் 109 போலவே தோன்றி, அதே சிலுவைக் குறியோடு பறப்பவற்றில் பல உண்மையில் ஸ்பெயினில் கட்டப்பட்ட புச்சோன் என்ற ரகம். "எக்ஸாஸ்ட் குழாயைப் பார்" என்றார். ஜெர்மன் இன்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது, அதனால் குழாய்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரும். புச்சோனில் இருப்பது நிமிர்ந்து நிற்கும் பிரிட்டிஷ் மெர்லின், குழாய்கள் மேலே வரும், தாடையும் தடித்திருக்கும். அன்றிலிருந்து எந்தப் பழைய விமானத்தைப் பார்த்தாலும் கண் முதலில் எக்ஸாஸ்டுக்குத்தான் போகிறது.

சரி, படமெடுப்பதற்கு வருவோம். பலர் ஜெட் விமானம் எடுத்த பழக்கத்தில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி, 1/2000 நொடி என்று வைத்துவிடுகிறார்கள். என் முதல் நாள் படங்கள் அத்தனையும் அப்படித்தான் போயின. விமானம் கத்தி போலக் கூர்மை, ஆனால் ப்ரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது, இன்ஜின் நின்றுபோய் ஆகாயத்தில் தொங்குவது போல இருந்தது. ப்ரொப்பெல்லர் சுழல்வது தெரிய வேண்டுமானால் 1/250க்குக் கீழே வர வேண்டும். ஸ்பிட்ஃபயருக்கு 1/200, ராப்பிட்டுக்கு 1/160, டகோட்டா போன்ற பெரிய மெதுவான விமானம் இறங்கும்போது 1/125. இவ்வளவு குறைத்தால் கை விமானத்தோடு சேர்ந்து நகர வேண்டும். கால்களை அது கடந்து போகப்போகும் திசையில் ஊன்றிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வைத்துக் காத்திருந்து, வரும்போது இடுப்பிலிருந்தே திரும்ப வேண்டும், கையால் மட்டும் திருப்பினால் நடுவில் தடுக்கும். இருபது படத்தில் இரண்டு தேறினால் நல்ல நாள். சாதாரண நாளில் போகச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஏர் ஷோவில் ஒரு விமானம் பத்து நிமிடம் வந்து போய்விடும். இங்கே ராப்பிட் ஒன்றே நாள் முழுக்க திரும்பத் திரும்ப வரும், தவறை உடனே திருத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம்.

வெளிச்சம்தான் இந்த இடத்தின் பெரிய சிக்கல். ஹேங்கர்கள் ஓடுபாதைக்கு வடக்கே இருப்பதால், பார்வையாளர் நிற்கும் வரிசை தெற்கு நோக்கியது. நடுப்பகலில் சூரியன் நேர் எதிரே, விமானத்தின் நிழல் பக்கம் நம்மைப் பார்க்கும். கேமரா சொல்லும் அளவில் எடுத்தால் கறுப்பு உருவம்தான் கிடைக்கும், ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள், வானம் வெளுத்துப் போனால் போகட்டும். திறந்தவுடன் போய் காலை வெளிச்சத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு, நடுப்பகலை ஹேங்கர்களுக்குள் கழித்து, மூன்று மணிக்கு மேல் மறுபடி வெளியே வாருங்கள். வெயில் நாளில் ஓடுபாதை மேலே கானல் அலையும்போது தரையில் உருளும் விமானத்தைத் தூரத்திலிருந்து எடுப்பதில் பயனில்லை, எந்த விலை லென்ஸாக இருந்தாலும் குழம்பித்தான் வரும். லேசான மேகம் போர்த்திய நாள் வந்தால் விடாதீர்கள்.

லென்ஸ் பற்றி ஒரு வரி. 100-400 மி.மீ. ஜூம் போதும். ஒரு முறை இன்னும் நீளமான லென்ஸ் ஒன்றை ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துப் போய், நடுக்கம் தாங்கும் வசதி வேலை செய்யவில்லை என்பதை ஓடுபாதை ஓரத்தில்தான் கண்டுபிடித்தேன், அன்றைய நாளே வீண். வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே கேமராவில் மாட்டி, பாதி அழுத்தி, காட்சி நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உள்ளே ஏர்ஸ்பேஸ் என்ற பெரிய கூடத்தில், ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் ஒன்று இருக்கிறது. முழுச் சேவைக்கு முன் சோதனைக்காகக் கட்டிய ஜி-ஏஎக்ஸ்டிஎன், 1974இல் மாக் 2.23, அதாவது ஒலியைப் போல 2.23 மடங்கு வேகம் தொட்டது, வேறெந்த கான்கார்டும் இவ்வளவு வேகம் போனதில்லை. 1977 ஆகஸ்டில், நெடுஞ்சாலைக்காக ஓடுபாதையின் ஒரு முனையை வெட்டுவதற்குச் சற்று முன்னால் பறந்து வந்து இறங்கியது, இனி கிளம்பிப் போக முடியாது. விமானங்களை நெருக்கி நிறுத்தியிருப்பதால் முழு உருவத்தை ஒரே படத்தில் அடக்குவது கடினம், அகல லென்ஸ் வைத்து மூலையில் போய் நின்றால் மூக்கு பெருத்து வால் சுருங்கிவிடும். நான் அங்கே முழு விமானம் எடுப்பதை விட்டுவிட்டேன், மாடி நடைபாதையிலிருந்து மூக்கு, காற்று நுழையும் வாய், ரிவெட் வரிசை என்று துண்டு துண்டாக எடுக்கிறேன்.

நம்மவர்களுக்கு அந்தக் கூடத்தில் தெரிந்த முகங்கள் உண்டு. நம் விமானப்படை 2007 வரை பறக்கவிட்ட கான்பெரா, அப்புறம் ஜாகுவார். யூரோஃபைட்டர் டைஃபூனையும் நின்று பாருங்கள், ரஃபேல் படத்தைக் கைபேசியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டுக்கும் முக்கோண இறக்கை, முன்னால் சிறு இறக்கை, தூரத்தில் யாருக்கும் குழம்பும். டைஃபூனின் காற்று வாய் வயிற்றுக்கு அடியில் சிரிப்பது போல வளைந்திருக்கும், ரஃபேலுக்கு இரு பக்கமும் தனித்தனி. டைஃபூனின் சிறு இறக்கை மூக்கை நெருங்கி நிற்கும், ரஃபேலுக்குப் பெரிய இறக்கையை ஒட்டியே இருக்கும். விமானி முன்னால் ஒரு குழாய் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் ரஃபேல், வானத்தில் எரிபொருள் நிரப்பும் குழாய் அது.

மறுகோடியில் அமெரிக்கக் கூடம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997இல் திறந்தது. தூணே இல்லாத வளைந்த கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, 56 மீட்டர் இறக்கை விரித்த பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவில் நிற்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே காட்சிக்கு இருக்கும் ஒரே எஸ்ஆர்-71 உளவு விமானமும் இங்கேதான். 1976 ஜூலையில் 25,929 மீட்டர் உயரத்தில் பறந்து சாதனை வைத்தது இதே விமானம். கறுப்பு விமானத்தைப் படமெடுப்பது சோதனை. கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அதன் விளிம்பில் வழுக்குவதைப் பிடித்தால் மட்டும் வடிவம் தெரிகிறது.

ஏர் ஷோவைக் குறைத்துப் பேசியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மட்டும் கிடைப்பது உண்டு. நான் போன ஒரு ஏர் ஷோவில் கேட்டலினா பறந்தது, இறக்கையைத் தலைக்கு மேல் கம்பத்தில் தூக்கி வைத்தது போன்ற படகு விமானம். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது, விமானி லெனார்ட் பர்ச்சால். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது, அதற்கடுத்த நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அந்த ஏப்ரலில் சென்னையே பாதி காலியானது, எங்கள் பாட்டியும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயிலேறியவர். அந்தப் படகு விமானம் மெதுவாகத் திரும்பியபோது படமெடுக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன், அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

போக வழி: காரில் போவது நல்லது. ரயில் என்றால் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விட்டில்ஸ்ஃபர்ட் பார்க்வே, அங்கிருந்து சில கிலோமீட்டர், டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டணமும் அன்று என்ன பறக்கிறது என்பதும் இணையதளத்தில் இருக்கும், போகும் முன் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், காற்று பலமாக இருந்தால் பழைய விமானங்களை வெளியே எடுக்க மாட்டார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடை அதிகம், நல்ல செருப்பு வேண்டும். சாப்பாடு கையில் கொண்டுபோய்விடுவோம், புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஓடுபாதை கண்ணுக்கு நேரே இருக்கும். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாமல் சாப்பிடுங்கள், ராப்பிட் எப்போது திரும்புமோ தெரியாது.