டார்க்டேபிள் சில வருஷமா யூஸ் பண்றேன், எப்படி இருக்கு?

ரா ஃபோட்டோ (கேமரா சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடிட் பண்ணணும் ஆனா மாசா மாசம் சந்தா கட்ட மனசில்லங்கறவங்க சுத்தி சுத்தி வந்து நிக்கிற இடம் பெரும்பாலும் டார்க்டேபிள் தான். ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், 2009ல லினக்ஸ்காரங்களுக்காக ஆரம்பிச்சது, விண்டோஸுக்கு 2017 டிசம்பர்ல 2.4 வெர்ஷனோட தான் வந்துச்சு. நான் சில வருஷமா இது ஒண்ணுல தான் எடிட் பண்றேன். முதல் வாரத்துல கடுப்பாகும், அதுல ஓடிப்போகாம இருந்தா அப்புறம் வேற எதுக்கும் போகத் தோணாது, இதான் என் அபிப்ராயம்.

அந்த கடுப்பு எங்கேருந்து வருதுன்னா, லைட்டேபிள்ல (படங்களை வரிசையா காட்டற பக்கம்) பாக்கும்போது படம் பளிச்சுன்னு இருக்கும், டார்க்ரூம்ல (எடிட் பண்ற பக்கம்) திறந்ததும் சப்புன்னு ஆயிடும். சாஃப்ட்வேர் கெடுத்துடுச்சுன்னு தான் எல்லாருக்கும் தோணும். விஷயம் என்னன்னா முதல்ல தெரியறது கேமராவே சமைச்சு ரா ஃபைலுக்குள்ள வச்சிருக்கிற ஜேபெக், திறந்தப்புறம் தெரியறது தான் நிஜ ரா. கேமரா மாதிரியே கலர் வேணும்னா 5.0 வெர்ஷன்லேருந்து 500 கேமரா மாடலுக்கு மேல தனித்தனி ஸ்டைல் (ரெடிமேட் செட்டிங்) கூடவே வருது, உங்க மாடலைத் தேடி போட்டுட்டு அதுலேருந்து ஆரம்பிங்க, புதுசா வர்றவங்களுக்கு இது பெரிய வரம்.

அடுத்து மாட்யூல், அதாவது ஒவ்வொரு எடிட் வேலைக்கும் இருக்கிற தனித்தனி டூல். எத்தனை இருக்கு தெரியுமா, ஸ்க்ரோல் பண்ணியே கை வலிக்கும், அதுல பாதி ஒரே வேலைய வேற வேற விதமா பண்றது, பழசுல எடிட் பண்ணின படம் புது வெர்ஷன்லயும் அப்படியே திறக்கணும்னு பழைய மாட்யூலை தூக்காம வச்சிருக்காங்க. நான் தொடறது எக்ஸ்போஷர், சிக்மாய்ட் (வெளிச்சத்தை ஸ்க்ரீன் காட்டற அளவுக்குள்ள அடக்கறது), டோன் ஈக்வலைசர், கலர் கேலிப்ரேஷன், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி, லென்ஸ் கரெக்ஷன், நாய்ஸ் (புள்ளி புள்ளியா தெரியறது) இருந்தா டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு. அவ்ளோ தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஜன்னல் பக்கத்துல ஒரு குழந்தை உக்காந்திருக்கு, வெளிச்சம் பின்னாடிலேருந்து வருது, மூஞ்சி இருட்டு. இதுல ஜன்னலைப் பாக்கவே கூடாது, முதல்ல எக்ஸ்போஷரை ஏத்தி மூஞ்சிய சரி பண்ணணும், ஜன்னல் ஸ்க்ரீன்ல வெளுத்துப் போனா போகட்டும். அப்புறம் சிக்மாய்ட் அந்த வெளுப்பை ஓரளவுக்கு மெதுவா மடக்கி கொண்டு வந்துடும். இன்னும் ஜன்னல் அதிகமா இருந்தா டோன் ஈக்வலைசரைத் திறந்து மவுஸை ஜன்னல் மேல வச்சு வீலைச் சுத்தினா போதும், அந்த அளவு வெளிச்சம் இருக்கிற இடம் மட்டும் குறையும், மூஞ்சில வச்சு சுத்தினா மூஞ்சி ஏறும். இந்த இடம் மட்டும்னு மாஸ்க் வரையற வேலையே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி அந்த மாட்யூலோட மாஸ்கிங் டேப்ல இருக்கிற மந்திரக்கோல் பட்டனை அமுக்கிடுங்க, இல்லன்னா எல்லா டோனும் ஒரு மூலைல போய் ஒட்டிக்கிட்டு நீங்க சுத்தறது ஒண்ணும் சரியா எடுபடாது.

ஸ்க்ரீன்ல நல்லா இருக்கு, பிரிண்ட் போட்டா இருட்டா வருதுன்னு புலம்பறவங்க கண்ட்ரோல் + B அமுக்கிப் பாருங்க. படத்தைச் சுத்தி வெள்ளை பார்டரும் அதுக்கு வெளிய நடுத்தர சாம்பல் கலரும் வரும். கருப்பு இன்டர்ஃபேஸ்ல உக்காந்து எடிட் பண்ணும்போது கண்ணு ஏமாந்து படம் வெளிச்சமா இருக்குன்னு நினைச்சுக்கும், பக்கத்துல நிஜமான வெள்ளை இருந்தா தான் எவ்ளோ இருட்டுன்னு புரியும். மானிட்டர் பிரைட்னஸை முழுசா வச்சிருந்தா இதுவும் உதவாது, கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

இதுல எடிட் பண்ணிப் பழகினதுல நான் எடுக்கிற விதமும் மாறிடுச்சு. நிழல்ல இருக்கிறதை ராவுல தாராளமா தூக்கலாம், 14 பிட் ராவுல ஒரு கலர் சேனலுக்கு 16,384 வெளிச்சப் படி இருக்கு, ஜேபெக்ல வெறும் 256. ஆனா முழுசா வெளுத்துப் போன இடத்துல எந்தத் தகவலும் இருக்காது, அதை எந்த சாஃப்ட்வேரும் நிஜமா திருப்பித் தராது. அதனால வானமோ வெள்ளைச் சட்டையோ வெளுக்காம கொஞ்சம் அண்டர்ல, அதாவது இருட்டா எடுக்கறேன், ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விட்டுடறேன், அது ராவுல எப்போ வேணா மாத்திக்கலாம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ரா எடுத்தாலும் கேமரால காட்டற ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எவ்ளோன்னு காட்டற கிராஃப்) ஜேபெக்கை வச்சு போட்டது, அதனால வலது ஓரத்துல லேசா இடிச்சாலும் ராவுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

டீநாய்ஸ் பத்தி ஒரே வரி, நூறு பர்சன்ட் ஜூம்ல வச்சு பாத்து போடுங்க, மூஞ்சி மெழுகு மாதிரி ஆனா ஸ்ட்ரெங்த்தைக் குறைங்க.

குறைன்னு பாத்தா, கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்ல ஒவ்வொரு ஸ்லைடருக்கும் மூச்சு வாங்கும், ஓப்பன்சிஎல் (கணக்கை கிராபிக்ஸ் கார்டுல ஓட்டற வசதி) ஓடற கார்டு இருந்தா தான் சுகம். புத்தம் புது கேமரா வாங்கினவங்க அந்த மாடலுக்கு சப்போர்ட் வந்திருக்கான்னு முதல்ல பாத்துக்கணும், சில சமயம் காத்திருக்க வேண்டி வரும்.

எடிட் எல்லாம் ஃபோட்டோ பக்கத்துலயே எக்ஸ்எம்பின்னு ஒரு குட்டி ஃபைல்ல எழுதி வைக்கும், ஒரிஜினலைத் தொடவே தொடாது, ஆனா ஃபோல்டரை நகர்த்தும்போது ரெண்டையும் சேர்த்து நகர்த்துங்க, முடிஞ்சா டார்க்டேபிளுக்கு உள்ளேருந்தே நகர்த்துங்க. வழக்கமா ஜூன்லயும் டிசம்பர்லயும் புது வெர்ஷன் வரும், அதைத் திறந்ததும் டேட்டாபேஸை (படங்களோட லிஸ்ட்டும் எடிட்டும் இருக்கிற ஃபைல்) புது ஃபார்மேட்டுக்கு மாத்திடும், அப்புறம் பழைய வெர்ஷன்ல அது திறக்காது. நான் அந்த டேட்டாபேஸ் இருக்கிற கான்ஃபிக் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு தான் அப்டேட் பட்டன் பக்கமே போவேன்.