பெரிய டாகிளா, பெட்டி டாகிளா, மினி டாகிளா? ரெண்டு ஹம்பக்கர் கிடாருக்கு எது சரி

எலக்ட்ரிக் கிடாரில் எந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் ஒரேயடியாகச் சாவதில்லை. முதலில் நடு நிலையில் சத்தம் கொஞ்சம் மெலியும். பிறகு குச்சியை லேசாக ஆட்டினால் கரகரவென்று திரும்பி வரும். நாம் கேபிளை மாற்றி, ஜாக்கைத் திருகி, ஆம்பைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் சுவிட்சைச் சந்தேகப்படுவோம்.

என்னுடையது ரெண்டு ஹம்பக்கர் (ரெண்டு காயில், அதாவது ரெண்டு கம்பிச்சுருள், சேர்த்து இரைச்சலைக் குறைக்கும் பிக்கப்) வைத்த மலிவு கிடார். டாகிள் என்றால் குச்சியைச் சாய்த்து மாற்றும் சுவிட்ச். பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது பெட்டி டாகிள். பிளாஸ்டிக் பெட்டி, கீழே வயரைப் பற்றவைக்க வரிசையாகக் கால்கள், அவ்வளவுதான். தொடுபுள்ளிகள் எல்லாம் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். சந்து வழியாகக் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை.

பெரிய டாகிள், அதாவது தகடுகள் வெளியே தெரியும் திறந்த சட்ட டாகிளின் சங்கதி வேறு. 1952-இல் வந்த கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிடாரின் தோள்பட்டையில் இருப்பது மூன்று நிலை டாகிள்தான். ஸ்விட்ச்கிராஃப்ட் என்று கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைப்பது இந்தத் திறந்த சட்ட வகை. மூன்று நிலை என்று பெயரே தவிர, உள்ளே இருப்பது ரெண்டு ஜோடித் தகடுகள். நடுவில் நிறுத்தினால் ரெண்டு ஜோடியும் தொட்டுக்கொண்டிருக்கும், ரெண்டு பிக்கப்பும் பேசும். ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு ஜோடி விலகும், அந்தப் பிக்கப் வாயை மூடும். அதனால் வயரிங்கும் எளிது: ஓரத்துக் கால்கள் ரெண்டுக்கும் ஆளுக்கொரு பிக்கப், நடுவில் உள்ள ரெண்டையும் சேர்த்துப் பற்றவைத்து வெளியே ஒரு வயர், சட்டத்துக்குக் கிரவுண்ட் (தரை வயர்). லெஸ் பால் வகையில் ஓரத்துக் கால்களுக்கு வருவது பிக்கப் வயர் அல்ல, அதன் வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்) நடுக்காலில் இருந்து வரும் வயர்.

இதில் அழுக்குப் படிந்தால் விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் போதும். மலிவு மினி சுவிட்சுகளின் பக்கவாட்டில் 250 வோல்ட், 3 ஆம்பியர் என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். நமக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிக்கப்பில் இருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு. விளக்கைப் போடும் சுவிட்சில் ஒவ்வொரு முறையும் எழும் சிறு பொறியே தொடுபுள்ளியில் படிந்த படலத்தை எரித்துவிடும். கிடாரில் பொறி ஏது? படிந்தது படிந்ததுதான். அதனால்தான் சுத்தம் செய்ய வழியுள்ள சுவிட்சுக்கு ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கலாம் என்கிறேன்.

மாற்றும்போது ரெண்டு விஷயம். நேர்ச்சட்ட வகை ஆழமானது. மெலிந்த உடலுள்ள கிடாரில் பின்மூடி மூடாது, அதற்கு மடங்கிய சட்ட வகை வேண்டும். அடுத்தது, பழைய நட்டையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள்: பெட்டி டாகிளின் மரை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு, ஸ்விட்ச்கிராஃப்ட் அங்குலக் கணக்கு. பழைய நட்டு ஏறாது. நட்டோடு சேர்த்தே வாங்குங்கள்.

நீளப் பிளவில் குச்சி நகரும் பிளேடு சுவிட்ச் வைத்தால் என்ன? ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் 1954-இல் மூன்று நிலையோடுதான் வந்தது. வாசிப்பவர்கள் ரெண்டு நிலைக்கும் நடுவே குச்சியைச் செருகி வைத்து வாசித்தார்கள். 1977-இல் ஃபெண்டரே ஐந்து நிலை போட்டது. மூன்று பிக்கப்புக்கு அருமை. ஆனால் வட்டத் துளை போட்ட கிடாரில் அதற்காக நீளத் துளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

மினி டாகிளை நான் பிக்கப் மாற்ற வைக்க மாட்டேன். வாசித்துக்கொண்டிருக்கும்போது கை போய்த் தேடினால் அந்தக் குட்டிக் குச்சி அகப்படாது. ஆனால் காயிலைப் பிரிக்க, அதாவது ஹம்பக்கரின் ரெண்டு காயிலில் ஒன்றை மட்டும் ஒலிக்க வைக்க, அதுவே சரி, சின்னத் துளை போதும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆறு கால் ஆன்-ஆன்-ஆன் (மூன்று நிலையிலும் இணைப்பு உள்ளது) கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் மல்டிமீட்டர் வைத்தால் நடு நிலையில் பீப் சத்தமே இல்லை. கொடுத்திருந்தது ஆன்-ஆஃப்-ஆன், நடுவில் இணைப்பே இல்லாதது. வெளியில் இருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே அச்சு.

திட்டிக்கொண்டே வயரிங் படம் வரைந்து பார்த்தேன். நாலு வயர் ஹம்பக்கரில் ரெண்டு காயிலும் சேரும் இடம் ஒன்று உண்டு. சீமோர் டங்கன் கம்பெனிப் பிக்கப்பில் சிவப்பும் வெள்ளையும், டிமார்சியோ கம்பெனியுடையதில் கறுப்பும் வெள்ளையும். அந்த முடிச்சை நடுக்காலில் வைத்து, ஒரு ஓரத்துக்குக் கிரவுண்ட், மறு ஓரத்துக்கு ஹாட் (சிக்னல் வயர்) கொடுத்தேன். நடுவில் விட்டால் முழு ஹம்பக்கர். ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு காயில், மறுபக்கம் மற்றது. மூன்று கால்தான் செலவு. நான் கேட்ட சுவிட்ச் கிடைத்திருந்தால் பேரலல் (ரெண்டு காயிலும் பக்க இணைப்பில்) வந்திருக்கும். அந்தச் சத்தம் எனக்குச் சற்றுச் சப்பை. இனி கேட்டே ஆன்-ஆஃப்-ஆன் வாங்குவேன். ஒற்றைக் காயிலில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் திரும்பி வரும், அதைத் தவிர்க்க முடியாது.

புஷ்-புல் பாட்டில் (குமிழை இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் பொட்டென்ஷியோமீட்டர்) இதே வேலை துளை போடாமல் நடக்கும். விற்கும் எண்ணம் இருந்தால் அதுவே நல்லது. நான் விட்டதற்குக் காரணம், வேர்த்த விரலால் இழுத்தபோது குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது.

மினியில் சால்டர் வைக்கும்போது அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். அடியில் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும். என்னுடைய முதல் சுவிட்ச் அப்படித்தான் போனது. காலுக்கும் வயருக்கும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு தொட்டால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

மூடியைத் திருகுவதற்கு முன் ஆம்பைப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒவ்வொரு காயிலின் இரும்பு முனைகளையும் தட்டிப் பாருங்கள். உயிரோடு இருக்கும் காயில் டக்கென்று அடிக்கும், மற்றது முனகும். டாகிளை நடுவில் வைத்து வாசிக்கும்போது மூக்கால் பேசுவது போலச் சன்னமாகக் கேட்டால், பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன. ஏதாவது ஒன்றின் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத வெறும் வயரை மட்டும் கிரவுண்டிலேயே விட்டுவிடுங்கள்.