எங்கள் தெரு அடிபம்பு: 37 வருடம் அடித்த பிறகு எழுதுகிறேன்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது 1987-இல். மறு வருடம் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இந்த பம்பை இறக்கினார்கள். இந்தியா மார்க் 2 என்பது அதன் பெயர். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, அடிபம்புதான். அன்றிலிருந்து இன்றுவரை அதில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறேன். 2011-லிருந்து ஐந்து வருடம் வார்டு உறுப்பினராகவும் இருந்ததால் இதைப் பிரித்துப் போட்டும் பார்த்திருக்கிறேன், இதற்காக அலைந்தும் இருக்கிறேன். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே, இந்த பம்பு இன்னும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்காகவும், புதிதாகப் போட நினைக்கும் ஊர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. மூன்று கால் சிமெண்டு மேடைக்குள் புதைந்திருக்கும். அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேல் இரும்புத் தலை. கைப்பிடி நீளமான கெட்டி இரும்பு, பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கனம்தான் கிணற்றுக்குள் தொங்கும் கம்பிகளின் எடையை ஈடுகட்டுகிறது. என் மகள் ஐந்து வயதில் அதில் தொங்கிக்கொண்டே ஒரு குடம் நிரப்புவாள். நிதானமாக அடித்தால் ஒரு நிமிடத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், குடம் நிறைந்துவிடும். தலைக்குள்ளே சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி உண்டு. கைப்பிடி வில் போல வளைந்து ஏறி இறங்கினாலும் கம்பி நேராகவே மேலே போய் நேராகவே கீழே வரும், பக்கவாட்டில் இழுபடாது. அதனால்தான் இது உடையவில்லை.

இதற்கு முன்னால் இருந்த பம்புகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1960-களின் கடைசியில் வறட்சி வந்தபோது நாடு முழுக்க இயந்திரம் வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதன் மேல் வைத்தது வார்ப்பிரும்பு பம்பு. வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் வைத்துக்கொள்ளும் பம்பின் மாதிரி அது. ஒரு குடும்பம் நாளைக்குப் பத்து வாளி அடிப்பதற்குச் செய்ததை ஒரு கிராமமே விடியலிலிருந்து இருட்டும் வரை அடித்தால் என்ன ஆகும்? சில வருடத்தில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. தண்ணீர் கீழே இருக்கிறது, கிணறும் இருக்கிறது, பெண்கள் மட்டும் பழையபடி குளத்துக்கு நடந்தார்கள்.

அதற்கு விடை மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் ஒரு பட்டறையில் இருந்தது. அங்கே செய்த பம்பின் சங்கிலியையும் கைப்பிடியையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மத்திய அரசும் யுனிசெஃபும் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து 1970-களில் மார்க் 2-வை உருவாக்கினார்கள். கோவைப் பகுதியின் ஆழமான கிணறுகளில் வைத்துப் பார்த்தார்கள். காப்புரிமை என்று யாரும் பூட்டி வைக்கவில்லை. தரத்துக்கு ஐ.எஸ். 9301 என்று ஒரு விதி வந்தது, அதன்படி எந்தப் பட்டறையும் செய்து விற்கலாம் என்று ஆனது. பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் இதுவே போனது. வார்டு உறுப்பினர் பயிற்சியில் ஒரு பொறியாளர் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்முடைய தேவைக்கு நாமே செய்த ஒன்றைத்தான் நான் தினமும் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சரி, குறைக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்றுதான். அது தரைக்குக் கீழே இருக்கிறது.

மேலே உள்ள தலையை யாரும் பராமரிக்கலாம். முன்மூடியின் போல்ட்டைக் கழற்றி, சங்கிலிக்கு கிரீஸ் வைத்து, தளர்ந்த நட்டை முறுக்கினால் முடிந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் சிலிண்டர் கிணற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் வாஷர் தேய்ந்தால், ஒவ்வொன்றும் பத்தடி நீளமுள்ள இரும்புப் பைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே உருவ வேண்டும். எங்கள் பம்பில் ஒன்பது பைப். அதற்குப் பைப்பைத் தூக்க உயரமான இரும்பு முக்காலி, பிடித்து நிறுத்த கிளாம்ப், தனி ஸ்பேனர்கள், ஐந்தாறு ஆள் வேண்டும். ஒரு சின்ன வாஷருக்காக இத்தனை பாடு.

இதற்காகத்தான் மூன்றடுக்குப் பராமரிப்பு என்று ஒன்றைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்தார்கள். ஊரில் ஒரு பம்புக் காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியும் கருவியுமாக ஒரு குழு. தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், மூன்று பேர் பொறுப்பு என்றால் மூன்று பேரும் அடுத்தவர் வருவார் என்று காத்திருப்பார்கள். எங்கள் பம்பு மேடையில் பெயிண்டில் ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. 2017 கோடையில் பம்பு வெறும் காற்றை அடித்தபோது அந்த எண்ணுக்குப் போட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். "அம்மா, நான் அந்த ஊரை விட்டு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அது ஊராட்சித் தலைவர் என்று ஒருவரே இல்லாத காலம். 2016 அக்டோபரில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர் நிர்வாகம். ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்ப்பார். மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். மறுபடி கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காலையில் குடத்தோடு வாசலில் வந்து நின்று "என்னண்ணே, பம்பு என்னாச்சு?" என்று கேட்க ஊருக்குள் ஒரு முகம் வேண்டும். அந்த முகம் இல்லாத மூன்று வருடம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

எங்கள் தெருவில் ஒரு மாமா, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்து திரும்பியவர். "ரசீதை வச்சு தண்ணி இறைக்க முடியாதும்மா, நாமளே தூக்குவோம்" என்றார். பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஒன்றிய மெக்கானிக் ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். எழுபதைத் தாண்டியவர், தூக்க முடியாது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். அவர் சொன்னது ஒன்று இன்னும் காதில் இருக்கிறது: "தூக்குறதுக்கு பலம் வேணாம்மா, பிடிச்சு நிறுத்தத்தான் பலம் வேணும். கிளாம்ப் நழுவுச்சுன்னா மொத்தமும் கெணத்துக்குள்ள போயிடும், அப்புறம் கெணறே இல்லை."

காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது பைப்பும் வெளியே வர மதியம் இரண்டாகிவிட்டது. தோல் வாஷர் காய்ந்த வெற்றிலை மாதிரி கையில் உதிர்ந்தது. இரண்டு பைப் துருப்பிடித்து மெலிந்திருந்தன. 42 வீட்டில் வீட்டுக்கு 100 ரூபாய் வாங்கினோம். புதுப் பைப் இரண்டு, ரப்பர் வாஷர் செட் இரண்டு, கிரீஸ், முக்காலி வாடகை எல்லாம் போக மிச்சம் 640 ரூபாய். அன்று சாயங்காலமே அதே மரத்தடியில் நின்று வரவு செலவைச் சத்தமாகப் படித்தேன். ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தபோது எத்தனையோ கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பணம் கொடுத்தவர்கள் எதிரிலேயே நிற்க ஒரு கணக்கைப் படித்தது அதுதான் முதல் தடவை. கை நடுங்கியது. ஒரு பாட்டி "கிரீஸ் எவ்வளவு, திரும்பச் சொல்லு" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன்.

அந்த வேலையின் பலன் அடுத்த வருடம் தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். தென்னை எல்லாம் சாய்ந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் தண்ணீரை மட்டும் சொல்கிறேன். மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. மேல்நிலைத் தொட்டி இடியாமல் நின்றது, ஆனால் மோட்டார் ஓடினால்தானே அதில் தண்ணீர் ஏறும். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தது இந்த பம்பு. வேப்பமரம் அதன் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தது எங்கள் புண்ணியம்.

இரண்டாவது நாளே தெற்குத் தெருவிலிருந்து குடத்தோடு வந்தார்கள். அந்தத் தெரு பம்பு நின்றுபோய் நாலு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெரு பம்பில் அவர்கள் அதுவரை கை வைத்ததில்லை, காரணம் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். முணுமுணுப்பு கிளம்பியது. மாமா முன்னால் போய் நின்று, "வரிசை ஒண்ணுதான். ஆளுக்கு ரெண்டு குடம். கைப்பிள்ளைக்காரிக்கு முதல்ல" என்றார். எதிர்த்தவர்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு அவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். நான் உறுப்பினராக இருந்த ஐந்து வருடத்தில் தெற்குத் தெரு பம்புக்காக எத்தனை முறை வாய் திறந்தேன் என்று அந்த வரிசையில் நிற்கும்போது யோசித்தேன். ஒரு முறை. அதுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதோடு சரி. வெட்கமாக இருந்தது. பொங்கல் முடிந்ததும் அதே முக்காலியைக் கொண்டுபோய் அந்த பம்பையும் தூக்கினோம். இந்த முறை சொல்லிக்கொடுத்தது மாமாவும் நானும்.

அந்த மூன்று வாரமும் கைப்பிடி இரவு பத்து மணிக்கு முன்னால் ஓய்ந்ததில்லை. ஒரு பம்புக்கு 250 பேர் என்பது அரசின் பழைய கணக்கு, எங்களுடையதில் அதைவிட நிறையப் பேர் அடித்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை சங்கிலிக்கு கிரீஸ் வைத்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பேரிங் சத்தம் போடவில்லை, சங்கிலி அறுந்துபோகவில்லை. உழைப்பு என்று பார்த்தால் முழு மதிப்பெண்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் வாளி துரு நிறமாக வரும், அதைச் செடிக்கு ஊற்றிவிடலாம். உங்கள் ஊர்த் தண்ணீர் இரும்பை அரிக்கும் தண்ணீர் என்றால் துத்தநாகம் பூசிய இந்த ஜி.ஐ. இரும்புப் பைப் சீக்கிரமே போய்விடும். மேடையும் கழிவுநீர் வாய்க்காலும் சரியில்லை என்றால் சுற்றிலும் சேறும் கொசுவும்தான். பம்பு போடும்போது மேடைக்குச் சிமெண்டில் மிச்சம் பிடிக்க விடாதீர்கள். அப்புறம், 45, 50 மீட்டருக்குக் கீழே நீர்மட்டம் போய்விட்ட ஊருக்கு இது உதவாது. போர் போட்டு போர் போட்டு நீரைக் கீழே தள்ளிய ஊர்களில் இந்த பம்புகள் மாடு கட்டும் கம்பமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகப் போடுவதாக இருந்தால் மார்க் 3 கேளுங்கள். தலை கிட்டத்தட்ட இதேதான். கீழே பைப் அகலம் அதிகம், அதனால் பைப்பை உருவாமலேயே கம்பியோடு, வாஷர் மாட்டியிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே எடுத்து வாஷர் மாற்றிவிடலாம். வண்டிக்கும் குழுவுக்கும் காத்திருக்க வேண்டாம், ஊர்க்காரர்களே ஒரு காலையில் முடித்துவிடலாம். விலை கூடுதல்தான். ஆனால் பழுதானால் யார் வருவார்கள் என்ற கேள்வியை வாங்கும்போதே தீர்த்துக்கொள்வதற்கான விலை அது. எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். வாஷர் செட் ஒன்றை வாங்கி ஊரில் ஒரு வீட்டில் வைத்துவிடுங்கள்.

2019-இல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று வீட்டுக்கு வீடு குழாய். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, மனதார வரவேற்கிறேன், இடுப்பு வலி குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குழாயின் மறுமுனையில் மின்சார மோட்டார் இருக்கிறது. பம்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நிழற்குடை கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து நின்று கேட்டேன்: "அடுத்த புயலுக்கு இங்கே யார் நிற்பீர்கள்? பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்." இரண்டு பம்பும் இருக்கட்டும், வருடா வருடம் வாஷருக்கும் கிரீஸுக்கும் பொது நிதியில் ஒதுக்கட்டும் என்று தீர்மானம் ஆனது.

மேடையில் இருந்த பழைய தொலைபேசி எண்ணைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ஐந்து வீட்டுப் பெயர் எழுதியிருக்கிறது, மாதம் ஒருவர் முறை. மாமா போன வருடம் காலமானார். அவருடைய ஸ்பேனர் செட்டும் வரவு செலவு நோட்டும் இப்போது தெற்குத் தெருவில், ஐ.டி.ஐ. படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை சங்கிலி சத்தம் போட்டதும் அவளை வரச் சொன்னேன். முன்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சங்கிலி நல்லாத்தான் இருக்கு அத்தை, போன மாசம் உங்க முறை, கிரீஸ் வைக்கல" என்று நோட்டைக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். அங்கேயே உட்கார்ந்து வைத்துவிட்டு வந்தேன்.