டயட்டீஷியன்களுக்கான தொடர்கல்வி: வருடக்கணக்கில் படித்துப் பார்த்ததில் எது உதவியது

மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகு தொடர்கல்வி என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாகிவிட்டது. இலவச வெபினார், காசு கட்டிப் படிக்கும் ஆன்லைன் கோர்ஸ், மாநாடு, நேரில் நடக்கும் பயிற்சிப் பட்டறை, யாரும் சொல்லித் தராமல் நாமே உட்கார்ந்து படிக்கும் சிகிச்சை வழிகாட்டிகள், எல்லாம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் "அக்கா, எதுல சேரலாம், எது வேண்டாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் பார்ப்பது ஒன்றுதான்: அதைப் படித்த பிறகு நான் எழுதும் டயட் சார்ட் மாறியதா, அந்த மாற்றம் நோயாளியின் தட்டு வரைக்கும் போனதா.

முதலில் கிரெடிட் கணக்கை, அதாவது தொடர்கல்வி படித்ததற்குத் தரும் புள்ளிகளைப் பற்றி. அமெரிக்காவில் ஆர்டி, அதாவது பதிவுபெற்ற டயட்டீஷியன், என்ற பதிவு வைத்திருப்பவர்கள் 5 வருடத்துக்கு 75 யூனிட் சேர்க்க வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு யூனிட். பிரிட்டனில் வழி வேறு. அங்கே டயட்டீஷியன்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி என்ற அமைப்பு இத்தனை மணி நேரம் என்று கணக்கே கேட்பதில்லை. 2 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கு இரண்டரை பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்து, நீ என்ன படித்தாய், அதனால் உன் வேலையின் தரம் எப்படி உயர்ந்தது, உன்னிடம் வரும் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் யாரும் கேட்காமலேயே நானும் அப்படித்தான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நம் நாட்டில் 2021-ல் வந்த தேசிய சுகாதாரத் துணைப்பணியாளர் ஆணையச் சட்டம் டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்ட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாளைக்குத் தொடர்கல்வி விதி எழுதும்போது வெறும் மணி நேரத்தை மட்டும் எண்ணாமல் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சரி, எனக்கு அதிகம் பயன்பட்டது எது என்றால், ஒரு கோர்ஸும் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாம் என்ஐஎன் என்போமே, அவர்கள் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள்தான். (இந்த நிறுவனம் 1918-ல் நம்ம குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்காக ஆரம்பித்தது, 1958-ல்தான் ஹைதராபாத் போனது.) ஒன்று 2017-ல் வந்த இந்திய உணவுப் பொருள் சத்து அட்டவணை, இன்னொன்று 2020-ன் அன்றாடச் சத்துத் தேவைப் பரிந்துரை. கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்தது டாக்டர் கோபாலன் குழுவின் பழைய அட்டவணை. அதில் அவலுக்கு 100 கிராமில் 20 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று இருக்கும். ரத்தசோகை என்று வரும் எல்லாப் பெண்களுக்கும் அவல் சாப்பிடச் சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். 2017 அட்டவணையில் அதே அவலுக்கு நாலரை மில்லிகிராம் பக்கம்தான் இருக்கிறது! மறுபக்கம், வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 21 மில்லிகிராம் என்று இருந்த இரும்புச்சத்துப் பரிந்துரை 2020-ல் 29 ஆகிவிட்டது. கால்சியம் 600-லிருந்து 1000 ஆனது. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணின் கலோரித் தேவையோ 1900-லிருந்து 1660 ஆகக் குறைந்துவிட்டது. குறைவான சாப்பாட்டுக்குள் அதிகமான சத்தை அடக்க வேண்டும், நாம் நம்பி எழுதிக் கொடுத்த பொருளில் நினைத்த சத்து இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதி டயட் சார்ட்டைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும், நான் எழுதினேன். ஆனால் இதைப் படித்ததற்கு ஒரு கிரெடிட்டும் கிடைக்காது.

அடுத்தது சிறுநீரக நோய்க்கான 2020 கேடோக்கி (KDOQI, அமெரிக்கச் சிறுநீரக அமைப்பு வெளியிடும் சிகிச்சை வழிகாட்டி வரிசை) ஊட்டச்சத்து வழிகாட்டி. நம் ஊரில் கிட்னி பிரச்சினை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுவார்கள். டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன், சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, மருத்துவக் கண்காணிப்போடு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.55 முதல் 0.6 கிராம் புரதம் என்று குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது. டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அதே ஆளுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதை யாரும் வீட்டில் எடுத்துச் சொல்லாததால், பழைய பத்தியத்திலேயே இருந்து தசையெல்லாம் கரைந்து வந்தவர்களை எங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கிட்னி பழுதானால் ரத்தத்தில் தேங்கிவிடும் பாஸ்பரஸ் விஷயத்திலும் வழிகாட்டி ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே, எங்கிருந்து வருகிறது என்று பார் என்கிறது. பருப்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற, நமக்கு எளிதில் செரிக்காத வடிவில் இருப்பதால் உடம்பில் குறைவாகத்தான் சேரும், கோலா பானத்திலும் பாக்கெட் உணவிலும் சேர்க்கிற பாஸ்பேட் உப்போ கிட்டத்தட்ட முழுதாகவே சேர்ந்துவிடும். அதற்கப்புறம் நான் டயாலிசிஸ் நோயாளிகளிடம் பருப்பை அளந்து கொடுக்கச் சொல்கிறேன், கோலாவைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

காசு கட்டிப் படித்ததில் முழுத் திருப்தி தந்தது மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் டயட்டீஷியன்களுக்கு நடத்தும் ஃபாட்மேப் (FODMAP) ஆன்லைன் கோர்ஸ். சிலருக்குக் குடலில் சரியாகச் சேராமல் புளித்து வயிற்றை உப்பவைக்கும் சில வகை மாவுச்சத்துகளுக்குத்தான் அந்தப் பெயர். கட்டணம் நம் சம்பளத்துக்கு அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எதைத் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியலோடு நிறுத்தாமல், 2 முதல் 6 வாரம் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் அந்த ஆளுக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாட்டை நிலையாக அமைப்பது என்று மூன்று கட்டத்தையும் சொல்லித் தருகிறார்கள். நெட்டில் பட்டியலை மட்டும் எடுத்து நோயாளிக்குக் கொடுத்துவிடுபவர்கள் பலர், அந்த நோயாளி வருடம் முழுக்க வெங்காயம் பூண்டு இல்லாமல் கிடக்கிறார், அது தேவையே இல்லை. நம் சமையலுக்கு அதை மாற்றிக்கொள்வது மட்டும் முழுக்க நம் வேலை. சாம்பாரில் வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, சாப்பிடும்போது ஒதுக்கிவைத்துப் பயனில்லை, ஏனென்றால் வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கிவிடும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம், வாசனை இருக்கும், வயிறு உப்பாது. இதைச் சொன்னதும் நோயாளிகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

இப்போது இலவச வெபினார்கள். இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். பேச்சாளர் நல்ல அனுபவசாலியாக இருப்பார், ஐசியூ நோயாளிக்குப் புரதம் எவ்வளவு என்று ஆரம்பித்து அருமையாகப் பேசுவார், கடைசிப் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பவுடர் டப்பா திரைக்கு வந்துவிடும். பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை, ட்யூப் ஃபீடில் அளவு மாறாமல், சுத்தமாக, நேரத்துக்குப் போக அது உதவுகிறது. ஆனால் அந்த டப்பாவை வாங்க முடியாத குடும்பத்துக்குப் பாலும் முட்டையும் கஞ்சியும் வைத்து கிச்சன் ஃபீடை எப்படிப் பாதுகாப்பாகத் தயாரிப்பது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் அடைக்காமல் எப்படி வடிகட்டுவது, எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று அந்த வகுப்புகளில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு வேண்டியது அதுதான். குழந்தைப் பால் பவுடர் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட ஐஎம்எஸ் சட்டத்தின்படி அந்த நிறுவனங்கள் சுகாதாரப் பணியாளர்களின் கருத்தரங்குக்கோ பயிற்சி வகுப்புக்கோ பணம் தரக் கூடாது. பெரியவர்களுக்கான பவுடருக்கு அப்படித் தடை இல்லை. ஆகவே வெபினாரில் சேரும் முன் செலவு யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பார்த்துவிட்டு உட்கார்ந்தால் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நமக்கே புரியும்.

இதை விட மோசம் சில சர்டிபிகேட் கோர்ஸ்கள். விளையாட்டு ஊட்டச்சத்து பற்றி ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசித்தார்கள், கேள்வி கேட்டால் மெயில் அனுப்புங்கள் என்றார்கள், மெயிலுக்குப் பதிலே வரவில்லை. தேர்வில் எல்லாருக்கும் பாஸ். சர்டிபிகேட் மட்டும் தங்க நிற பார்டரோடு பளபளவென்று வந்தது. கட்டணம் கட்டும் முன் யார் எடுக்கிறார்கள், அவர் இப்போது நோயாளியையோ விளையாட்டு வீரரையோ நேரில் பார்க்கிறாரா, நம்மைக் கேஸ் எழுதவைத்துத் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

நேரில் நடந்த ஒரு ஆலோசனைத் திறன் பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் நோயாளி, ஒருவர் டயட்டீஷியன் என்று பேசிப் பார்க்கிற வகுப்பு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "சாதம்தான்" என்பார்கள், அதற்குமேல் போக நமக்குத் தெரியாது. எந்த அரிசி, வீட்டில் எந்தக் கரண்டி, எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு வடித்தீர்கள், மிச்சம் இருந்ததா, டீக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்கப் பழகியது அங்கேதான். அதற்கப்புறம் என் கணக்குகள் நிஜத்துக்குப் பக்கத்தில் வர ஆரம்பித்தன, நோயாளிகளும் திரும்பி வர ஆரம்பித்தார்கள். இந்த மாதிரிப் பட்டறைகள் அரிதாகத்தான் நடக்கின்றன, நடந்தால் லீவு போட்டாவது போங்கள்.

லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. டாக்டர்கள் மாநாட்டுக்குப் போனால் ஆன் டியூட்டி, டயட்டீஷியன் போனால் சொந்த லீவு, சொந்தக் காசு. நான் வேலை பார்த்த இடங்களில் இதுதான் நிலைமை. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், தரச்சான்றுக்கான ஆய்வு வரும்போது ஊழியர் பயிற்சி ஆவணங்களைக் கேட்பார்கள், அந்த நேரத்தில் கேட்டால் காது கொடுப்பார்கள்.

இப்போது நானும் பக்கத்து ஊர் மருத்துவமனைகளில் இருக்கும் சிலரும் மாதம் ஒருமுறை போனில் கூடி, ஆளுக்கு ஒரு கேஸ், பெயர் அடையாளம் இல்லாமல், பேசுகிறோம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் (பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் ஆபத்தாகக் குறைந்துவிடும் நிலை) பற்றிப் பாடத்தில் படித்ததை விட, பல நாள் சாப்பிடாமல் வந்த ஒரு குடிநோயாளிக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரியில் ஆரம்பித்து, அதற்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) போடச் சொல்லி டாக்டரிடம் பேசி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துப் பார்த்து ஏற்றிய ஒரு தோழியின் கேஸில் நாங்கள் கற்றது அதிகம்.

புதிதாக வருபவர்கள் முதல் வருடம் காசே செலவழிக்க வேண்டாம். என்ஐஎன் ஆவணங்கள் இரண்டையும், 2024-ல் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியையும், உங்கள் வார்டில் அதிகம் வரும் நோய் எதுவோ அதற்கான வழிகாட்டி ஒன்றையும் படியுங்கள். கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கேஸ் பேசுங்கள். இரண்டாம் வருடம் ஒரு பட்டறை. மோனாஷ் கோர்ஸுக்குப் பணம் கட்டுவது, குடல் நோய் மருத்துவர் இருந்து, ஐபிஎஸ் (IBS) எனும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் நிறைய வரும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.