வீட்டிலிருந்தே ஓசிடி சிகிச்சை: வீடியோ அமர்வுகள் எப்படி?

வெளியே போக முடியாமல் வீட்டோடு இருந்த நாட்களில் என் ஓசிடிக்கு (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை) வீடியோ வழியாகச் சிகிச்சை எடுத்தேன். மனசாரப் பரிந்துரைக்கிறேன்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது என் வீட்டுக் கதவின் கைப்பிடி. கிளினிக்கில் அது இருக்காது. இங்கே போனை அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் சிகிச்சையாளர். தொட்டேன். கழுவப் போகாமல் நின்றேன். உள்ளங்கை பரபரத்தது. “பதற்றம் பத்துக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். “ஒன்றும் ஆகாது” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை; அந்த ஆறுதலும் ஓசிடிக்குத் தீனிதான். பயப்படுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் பொறுத்திருக்கும் இந்த முறை, 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது.

தொற்றுக் காலத்தில் கை கழுவவே கூடாதா? கழுவலாம். சோப்புப் போட்டு 20 வினாடி, ஒரே தடவை. ‘சரியாகக் கழுவினோமா’ என்று மனம் நச்சரித்தாலும் குழாய்ப் பக்கம் திரும்பக் கூடாது. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

பதற்றத்தைக் குறிக்கக் கொடுத்த ஆப் மட்டும் மோசம். பதிவானதா என்றே காட்டாது. சரிபார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. நோட்டில் எழுதுங்கள்.

வீட்டாரையும் ஓர் அமர்வில் சேர்க்கச் சொல்லுங்கள். “பூட்டியாச்சா?” என்று நாம் மறுபடி மறுபடி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.