பேரன் கையில் ஜி.பி.எஸ். வாட்ச்: போன் பாஸ், மேப் ரிஜெக்ட்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக. குழந்தை கையில் கட்டிவிடும் இந்த ஜி.பி.எஸ். வாட்சைப் போன் என்று நினைத்து வாங்கலாம், காவல்காரன் என்று நினைத்து வாங்கக்கூடாது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மூன்றுமே அதில் பேச முடிவதற்கு. மேப்புக்கு ஒன்றும் கிடையாது.

இதைச் சொல்ல நான் யார் என்றால், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, அளந்து பார்ப்பதுதான் பழக்கம். பெங்களூரு ஜோகுபாளையாவில் குடியிருக்கிறோம். மகள் வைட்ஃபீல்டில் வேலைக்குப் போகிறாள், மருமகன் அவளுக்கும் பிந்தித்தான் வீடு திரும்புவார். பேரனுக்கு ஒன்பது வயது. பள்ளி வேனிலிருந்து இறங்கி, பாலைக் குடித்த வாயைத் துடைக்காமல் தெருவுக்கு ஓடுகிற ரகம். நாலரை மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவன் என் பொறுப்பு. எனக்கோ முழங்கால் தேய்மானம். மாடியிலிருந்து அவன் பின்னால் இறங்கி ஓட முடியாது.

"அப்பா, நீங்க பால்கனியிலேர்ந்து பார்த்தா மூணு வீடுதான் தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். அடுத்த வாரமே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டாள். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. இந்த ரக வாட்ச் பல பெயர்களில் வருகிறது, நான் பார்த்தவரை உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் சிம் விஷயத்தைக் கவனியுங்கள். விலை மலிவானவற்றில் சில 2ஜி மட்டும் எடுக்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அதில் ஜியோ சிம் போட்டால் பொம்மை வாட்ச்தான். 4ஜி என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் சொன்னபிறகு குரலுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பிளான்கள் வந்திருக்கின்றன, விலை குறைவு என்று அதைப் போட்டுவிடாதீர்கள். டேட்டா இல்லாமல் நம் போனில் இருக்கிற ஆப் வாட்சோடு பேசாது. சிம் பெரியவர்கள் பெயரில்தான் கிடைக்கும், ஆக ஆதாரை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

இனி நல்லது. பேசுவது அருமையாக இருக்கிறது. நாம் பதிந்து வைத்த எண்களைத் தவிர வேறு யாரும் அதற்கு அழைக்க முடியாது. பையனும் அந்த எண்களுக்கு மட்டும்தான் பேச முடியும். கேம் இல்லை, வீடியோ இல்லை. "தாத்தா, பந்து கேட்டுக்குள்ள போயிடுச்சு, அந்த வீட்டுல நாய் இருக்கு, என்ன பண்றது?" என்று கேட்டான் ஒருநாள். நான் மேலிருந்தே, "மணி அடி, அந்த அம்மா வருவாங்க, உள்ள போகாதே" என்றேன். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் சுவர் ஏறிக் குதித்திருப்பான். தெருவில் ஒரு சிக்கல் வரும்போது தானே யோசிக்கவும், யோசித்து முடியாவிட்டால் ஒரு பெரியவரைக் கேட்கவும் இது வழி செய்கிறது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

ஆபத்தில் அழுத்துகிற எஸ்.ஓ.எஸ். பட்டன் கொஞ்சம் தொல்லை. ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் பேட்டை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அதுவே அழுந்திவிடும். மீட்டிங்கில் இருக்கிற மகளுக்கு அலறல் போகும், அவள் எடுத்தால் "ஹவ்ஸ்தட்!" என்ற கூச்சல் கேட்கும். வலது கையில் கட்டியபிறகு குறைந்தது.

இன்னொரு சங்கதியைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். தெருவில் ஐஸ் பைஸ் விளையாடுகிறார்கள். இவன் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து வைட்ஃபீல்டிலிருந்து அழைப்பு. தெரு முழுக்கக் கேட்கிற சத்தத்தில் வாட்ச் பாடுகிறது. அவுட். இரண்டாம் முறையும் அப்படியே ஆனதும் பிள்ளைகள் அவனுக்கு "அலாரம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து வாட்சைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டான். ஒலியை நிறுத்தி அதிர்வில் மட்டும் வைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி கட்டிக்கொண்டான். ஆப்பில் அந்த வசதி நாலு மெனுவுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அதுவும் ஐஸ் பைஸ்தான்.

சரி, மேப்.

வெட்டவெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழையோடு இடத்தைக் காட்டும். அது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. எங்கள் தெரு வெட்டவெளி இல்லை. இரண்டு பக்கமும் நாலு மாடி, இடையில் ஒரு ஆட்டோவும் ஒரு ஸ்கூட்டரும் ஒதுங்கிப் போகிற அகலம். சாட்டிலைட் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும்போது பிழை பல மீட்டராகிறது. சிக்னலே கிடைக்காவிட்டால் வாட்ச் பக்கத்து வைஃபையைப் பார்த்து ஊகிக்கும். அதுவும் இல்லையென்றால் செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு புள்ளி போடும். அந்தப் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழலாம். ஆனால் மூன்று வகைப் புள்ளிக்கும் திரையில் ஒரே நீல நிறம். இதுதான் பெரிய குற்றம் என்பேன். அளவைச் சொல்கிற கருவி, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு சாயங்காலம் மகளிடமிருந்து போன். குரலே சரியில்லை. "அப்பா, அவன் ஏரிக்குள்ள இருக்கான்." ஆப்பில் நீலப் புள்ளி அல்சூர் ஏரியின் நடுவில் நிற்கிறது. நான் பால்கனியில் எட்டிப் பார்த்தேன். இஸ்திரிக்காரர் வண்டி நிழலில் உட்கார்ந்து, அவர் மகளோடு நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான். "இங்கதாம்மா இருக்கான், கடலை தின்றான்" என்றேன். அவள் நம்பவில்லை. கூப்பிட்டுப் பேசச் சொன்னேன், பேசினாள், அப்புறம்தான் மூச்சு வந்தது. அன்று அந்தப் புள்ளியைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. வாங்கியது கவலையைக் குறைக்க.

வேலி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேப்பில் வீட்டைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால், பிள்ளை தாண்டும்போது மணி அடிக்குமாம். இந்த ஆப்பில் மிகச் சிறிய வட்டமே 200 மீட்டர் ஆரம். எங்கள் வீட்டிலிருந்து அப்படிப் போட்டால் பஸ் ஓடுகிற மெயின் ரோடு வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அவன் அந்த ரோட்டின் நடுவில் நின்றாலும் ஆப் வாய் திறக்காது. அதே ஆப் அவன் சமையலறையில் தோசை தின்னும்போது "குழந்தை வெளியேறிவிட்டது" என்று அலறியிருக்கிறது.

நடைபாதைக்கும் ரோட்டுக்கும் இடையே ஒரு அடி. எங்கள் ஊரில் நடைபாதையை டிரான்ஸ்பார்மரோ குப்பையோ அடைத்துக்கொண்டிருக்கும், அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கத்தான் வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து அந்த ஒரு அடியில் இருக்கிறது. அதை இருபது மீட்டர் பிழையுள்ள கருவியால் அளப்பது, மரக்கடை அடிஸ்கேலால் பேரிங் அளப்பது மாதிரி. ஒரு எண் வரும், அதை எழுதிக் கையெழுத்துப் போடவும் முடியும், ஆனால் வேலைக்கு ஆகாது.

கடத்தல் பயத்தை வைத்துத்தான் இந்த வாட்சை விற்கிறார்கள். விளம்பரத்தில் முகம் தெரியாத ஒரு நிழல் மனிதன் வருகிறான். அந்தப் பயமே பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலையில் நடந்துபோனவர்களில் 32,825 பேர் விபத்தில் இறந்திருக்கிறார்கள், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. என் பேரனைத் தெருவுக்கு விடும்போது நான் முதலில் நினைப்பது தண்ணீர் லாரியை. அதற்கு வாட்சில் பட்டன் இல்லை.

எங்கள் காலத்தில் எல்லாம் என்று ஆரம்பிக்கப் போவதில்லை. எங்கள் காலத்தில் தெருவில் கார் இல்லை. அந்தக் காலத்திலும் வீடு திரும்பாத பிள்ளைகள் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் விடுவதா, வேண்டாமா? விடுகிறேன். எப்படி என்றால், அவனோடு கம்பு ஊன்றிக்கொண்டு தெருவை ஒருமுறை நடந்தேன். பிள்ளையார் கோயில் ஒரு பக்கம் எல்லை, டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கம் எல்லை. கழிவுநீர்க் கால்வாய்ப் பக்கம் பந்து போனால் பந்து போனதுதான், புதுசு வாங்கித் தருவேன். மாடு வந்தால் ஒதுங்கணும், நாய் வந்தால் ஓடக்கூடாது. கிராஸ் என்கிற குறுக்குத் தெரு முனையில் எங்கே நின்றால் திரும்புகிற வண்டி தெரியும் என்று அவனையே காட்டச் சொன்னேன். சரியாகக் காட்டினான். தப்பாகக் காட்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் என் கண் எட்டும் தூரம்தான். வயதை வைத்து அல்ல, இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டில் பதினோரு வயதுப் பையன் இருக்கிறான், அவனை நான் தனியாக விடமாட்டேன். மளிகைக் கடை அம்மாவிடமும் இஸ்திரிக்காரரிடமும் என் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கடை அம்மா கன்னடத்தில் போடுகிற ஒரு அதட்டலுக்கு இவன் அடங்குகிற மாதிரி என் சத்தத்துக்கு அடங்குவதில்லை.

பார்க்குக்கு அனுப்பலாமே என்பார்கள். பெங்களூரில் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்கச் சொன்னதே 2024-ல்தான். எங்கள் பக்கத்துப் பூங்காவில் திறந்திருந்தாலும் பந்து விளையாடக்கூடாது என்று பலகை. என் வயதுக்காரர்கள் வேகமாக நடக்கிறோம், பிள்ளைகள் ரோட்டில் ஆடுகிறார்கள்.

கடைசியாக, ஒட்டுக்கேட்கும் வசதி. ஆப்பில் "குரல் கண்காணிப்பு" என்று ஒரு ஐகான். அழுத்தினால் வாட்ச் மணி அடிக்காமலே பிள்ளையைச் சுற்றி நடக்கும் பேச்சு நம் போனில் கேட்கும். ஜெர்மனியில் 2017-லேயே இப்படி ஒட்டுக்கேட்கிற பிள்ளைகள் வாட்ச் விற்பதைத் தடை செய்து, வைத்திருக்கிற பெற்றோர் அதை அழித்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். அதே ஆண்டு நார்வேயின் நுகர்வோர் அமைப்பு, இம்மாதிரி சில வாட்ச்களுக்குள் அந்நியர்கள் புகுந்துவிட முடியும் என்று சோதித்துக் காட்டியது. நான் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உன் பிள்ளை பேசுறதைக் கேட்கலாம்னு வச்சுக்கோ. இஸ்திரிக்காரர் அவர் பொண்ணுகிட்ட பேசுறதைக் கேட்க உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளே அதை அணைத்தாள். மேப்பை அவள் இன்னும் அணைக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கிற தாய்க்கு அந்தப் புள்ளி தேவைப்படுகிறது என்றால் அதில் நான் தலையிட முடியாது. புள்ளி ஏரிக்குள் போனால் முதலில் எனக்குப் போன் பண்ணு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பேட்டரி இரண்டு நாள் என்கிறது பெட்டி. நிமிடத்துக்கு ஒருமுறை இடம் காட்டச் சொன்னால் சாயங்காலம் விளையாடுகிற நேரத்துக்குச் சரியாகச் செத்துவிடும். மணிக்கு ஒருமுறை என்று மாற்றினால் மறுநாள் மதியம் வரை தாங்குகிறது. பள்ளியில் அனுமதி இல்லை, வீட்டிலேயே சார்ஜில் கிடக்கட்டும்.

ஸ்ட்ராப் சீக்கிரம் கிழிந்துவிட்டது. கம்பெனியில் தனியாகக் கிடைக்காது, புது வாட்ச் வாங்குங்கள் என்றார்கள். அல்சூர் பஜாரில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் வேறொரு ஸ்ட்ராப்பை வெட்டிச் சரிபண்ணி, ரிவிட் அடித்துக் கொடுத்தார். எண்பது ரூபாய். பழசைவிட உறுதி. வாங்குமுன் ஸ்ட்ராப் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.