உடைந்த பெட்டியோடு எந்தக் கதவைத் தட்டுவது? விமானப் பயணிக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். திருச்சி விமான நிலையத்தில் பெல்ட்டில் வந்து விழுந்த அவளது பெட்டியில் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது, இரண்டு சக்கரங்களைக் காணவில்லை. கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆயிரம் ரூபாய் தர்றோம் மேடம், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க." வெளியே அப்பா இரண்டு மணி நேரமாக நிற்கிறார், கைக்குழந்தை அழுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் பெட்டியைத் திறந்த பிறகுதான் அப்பாவுக்கு வாங்கிவந்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நொறுங்கிக் கிடப்பது தெரிந்தது. அந்தத் தாளின் கடைசி வரியில், இந்தத் தொகையோடு என் உரிமைகோரல் முழுமையாகத் தீர்ந்தது என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெட்டி உடைந்தால் பயணிக்குப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே பலம் கொண்டவை அல்ல. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கவுன்டரில் கொடுப்பதை வாங்கிக்கொள்வது

இது மிக வேகமான வழி. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், பொதுவாக மூன்றில் ஒன்றைத் தருவார்கள்: ஒப்பந்தக் கடையில் பழுதுபார்த்துக் கொடுப்பது, மாற்றுப் பெட்டி தருவது, கொஞ்சம் ரொக்கம் தருவது. பெட்டி பழையது, சக்கரம் மட்டும் போயிருக்கிறது, உள்ளே எதுவும் உடையவில்லை என்றால் இதற்கு மேல் அலைய வேண்டாம். மூன்றில் எனக்குப் பிடித்தது பழுதுபார்ப்பு. கடைக்காரர் சரிசெய்துவிட்டால் நல்லது. "இதைச் சரிசெய்ய முடியாது" என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தச் சீட்டே நம் கையில் வலுவான ஆதாரமாகிவிடும். மாற்றுப் பெட்டி என்றால் அளவும் தரமும் பழைய பெட்டிக்கு நிகர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். ரொக்கம்தான் பெரும்பாலும் மிகக் குறைந்த மதிப்புள்ள பேரம்.

இங்கே இரண்டு தாள்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்று பி.ஐ.ஆர். எனப்படும் சாமான் முறைகேட்டு அறிக்கை. "இந்தப் பெட்டி இந்த நிலையில் வந்தது" என்ற பதிவு மட்டும்தான் அது. அதன் எண்ணில் முதல் மூன்று எழுத்து விமான நிலையத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு விமான நிறுவனத்தை, பிறகு ஐந்து இலக்கங்கள். இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். இரண்டாவது தாள் தீர்வு ஒப்புதல். இதில் கையெழுத்துப் போடும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அக்காவிடம் நீட்டியது இரண்டாவது தாளை மட்டும். பெட்டியைத் திறந்து பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுத்து மூலம் உரிமை கோருவது

எனக்குத் தெரிந்தவரை சாதாரணப் பயணிக்கு மிகப் பலமான வழி இதுதான். செலவு ஒரு மின்னஞ்சல். பின்னால் நிற்பது, விமான நிறுவனம் பயணிக்கு எதற்கெல்லாம் பொறுப்பு என்று வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான 1999இன் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாம் உறுப்பு நாடுகள். நம் ஊர் ஆட்கள் அதிகம் பறக்கும் தடங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும்.

அதன் 17ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. செக்-இன் செய்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது சேதமானால் நிறுவனம்தான் பொறுப்பு. யார் தூக்கிப் போட்டார்கள், எந்த ஊரில் உடைந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பெட்டியிலேயே இருந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்கு மட்டும் விலக்கு. கையில் எடுத்துப்போகும் பைக்குக் கணக்கு வேறு. அங்கே நிறுவனத்தின் தவறை நாம் காட்ட வேண்டும். கடைசி நேரத்தில் வாசலில் வைத்து "ஓவர்ஹெட்டில் இடமில்லை, கீழே போடுகிறோம்" என்று டேக் கட்டி வாங்கிக்கொள்கிறார்களே, அப்போது அந்தப் பையும் செக்-இன் பெட்டியாகிவிடுகிறது; அந்த டேக்கின் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

"சக்கரம், கைப்பிடி, ஜிப்புக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை" என்பது கவுன்டரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். ஒப்பந்தத்தின் 26ஆம் பிரிவு, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகள் செல்லாது என்கிறது. இதே சாக்கைச் சொன்ன நிறுவனங்களுக்கு, சக்கரத்தையும் கைப்பிடியையும் மொத்தமாக விலக்கி வைக்க முடியாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015இல் எச்சரிக்கை விடுத்தது. நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கீறல், அழுக்கு, லேசான சிராய்ப்பு எல்லாம் பயணத்தில் வரும் தேய்மானம்தான்; அதற்குப் பணம் கேட்டால் உண்மையான சேதத்தைச் சொல்லும்போதும் நம்ப மாட்டார்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் நம் ஆட்கள் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு வரிந்து கட்டிக் கொண்டுவருவார்கள். அது கிழிந்தால், கட்டு சரியில்லை என்று நிறுவனம் கைகழுவ வாய்ப்பு அதிகம். மூன்று வருட உழைப்பை அந்த அட்டைக்குள் வைத்துக் கொண்டுவரும் மனிதருக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

காலக்கெடு இரக்கமில்லாதது. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் புகார் போக வேண்டும். தாமதமாக வந்த பெட்டி என்றால், அது கிடைத்த நாளிலிருந்து 21 நாள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் அரை மணி நேரம் பேசியது கணக்கில் வராது. கெடு தாண்டினால் வழக்குப் போடும் உரிமையே போய்விடும். புகார் சரியாகப் போயிருந்தால், வழக்குத் தொடர 2 வருடம் இருக்கிறது.

எவ்வளவு கேட்கலாம்? பன்னாட்டுப் பயணத்தில் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது. சுமார் 2,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய்தான். அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து 4,700 டாலர். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் உள்நாட்டுப் பயணிக்கு எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். இவை உச்சவரம்புகள், விலைப்பட்டியல் அல்ல. ஐந்து வருடம் ஓடிய பெட்டிக்கு நிறுவனம் தேய்மானம் கழிக்கத்தான் செய்யும். வாங்கிய ரசீது இருந்தால் பேச்சே வேறு.

பலருக்குத் தெரியாத ஒன்று. சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து மதுரைக்கு ஒரே டிக்கெட்டில் போகிறவருக்கு, சென்னை–மதுரை பகுதியும் பன்னாட்டுப் பயணமாகவே கணக்கிடப்படும். பக்கத்து இருக்கையில் சென்னையில் ஏறியவருக்கு 20,000 ரூபாய் வரம்பு, இவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். இடையில் விமான நிறுவனம் மாறியிருந்தால் "அவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். சாமான் விஷயத்தில் முதலில் ஏற்றிய நிறுவனத்தையும், கடைசியாக இறக்கிய நிறுவனத்தையும், சேதம் நடந்தபோது சுமந்த நிறுவனத்தையும் கேட்கலாம் என்று 36ஆம் பிரிவு இடம் தருகிறது.

பயணக் காப்பீடு

இதன் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை, பெட்டி உடையும் விஷயத்தில் கொஞ்சம் அதிகம். நம் ஊரில் விற்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில் பெட்டி அடியோடு தொலைந்தாலோ தாமதமானாலோதான் பணம். பாதி உடைந்து வந்தால் ஒன்றும் இல்லை. பாலிசியில் 'இழப்பு' என்று இருக்கிறதா, 'சேதம்' என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேதம் உண்டு என்றாலும் அவர்கள் முதலில் கேட்பது அதே பி.ஐ.ஆரைத்தான். தொலைந்த பெட்டிக்குக் காப்பீடு நல்ல துணை. உடைந்த பெட்டிக்கு அதை முதல் வழியாக நம்ப மாட்டேன்.

அரசின் புகார் வாயில்கள்

விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய ஏர்சேவா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் காசு செலவில்லை. இவை தீர்ப்புச் சொல்வதில்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகின்றன. பதிலே வராமல் கிடக்கும் மின்னஞ்சலை அசைக்க இது உதவும். 7 நாள் கெடுவுக்குள் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதாமல் இதை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

நுகர்வோர் ஆணையம்

நேரம் எடுக்கும், ஆனால் நிறுவனத்தைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தும் இடம் இதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் புதுக்கோட்டைக்காரர் புதுக்கோட்டையிலேயே போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இணையத்திலும் பதியலாம். விமான ஒப்பந்தத்துக்குள் வரும் தகராறை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாமா என்ற கேள்விக்கும், சரக்கு தொடர்பான ஒரு வழக்கில் 2011லேயே உச்ச நீதிமன்றம் ஆம் என்று பதில் சொல்லிவிட்டது.

மூவாயிரம் ரூபாய் பெட்டிக்காக இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். உள்ளே லேப்டாப் உடைந்தது, எழுதிய கடிதத்துக்கு நிறுவனம் மழுப்பலாகப் பதில் போட்டது என்றால் தயங்காமல் போகலாம். அங்கே செல்லுபடியாவது நம் கண்ணீர் அல்ல, தாள்கள்: பி.ஐ.ஆர்., போர்டிங் பாஸ், பேகேஜ் டேக், புகைப்படங்கள், ரசீது, 7 நாளுக்குள் அனுப்பிய கடிதம்.

ஊரறியச் சொல்வது

எல்லோருக்கும் நினைவு வருவது கனடா இசைக் கலைஞர் டேவ் கரோலின் கதை. 2008இல் ஹாலிஃபாக்ஸிலிருந்து சிகாகோ வழியாக ஒமாஹாவுக்குப் போன யுனைடெட் ஏர்லைன்ஸ் பயணத்தில் அவருடைய 3,500 டாலர் கிட்டார் உடைந்தது. சிகாகோவில் கிட்டார்களைத் தூக்கி எறிவதைச் சக பயணி ஒருவர் ஜன்னல் வழியாகவே பார்த்தார். பழுதுபார்க்க 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் புகார் பதியவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மாதக்கணக்கில் அலைந்த பிறகு 2009 ஜூலையில் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்த பிறகுதான் நிறுவனம் இறங்கிவந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் வீடியோ போடலாம் என்று நினைக்கிறோம். அவர் பாடகர், அவருக்கு அது கைவந்த தொழில். நாம் எக்ஸ் தளத்தில் புகைப்படத்தோடு எழுதினால் சில நிமிடங்களில் பதில் வரும்: "வருந்துகிறோம், உங்கள் பி.ஐ.ஆர். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்." சுற்றி வளைத்து அங்கேயேதான் வந்து நிற்கும். கரோலும் சிகாகோவிலேயே ஊழியர்களிடம் வாயால் சொல்லியிருந்தார். தாளில் ஏறாத அந்தப் பேச்சு அவருக்கு உதவவில்லை. கடிதம் போட்டுப் பதில் வராதபோது ஊரறியச் சொல்வது நல்ல நெம்புகோல். கடிதத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொண்டால் 7 நாள் கைநழுவிவிடும்.

பறப்பதற்கு முன்பே உள்ள ஒரு வழி

அமெரிக்காவில் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு மிருதங்கத்தோடும் வீணையோடும் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வரம்புக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றால் செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம். அப்போது அறிவித்த தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். மான்ட்ரியல் ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. கவுன்டரில் பாதிப் பேருக்கு இது தெரியாது, விடாமல் கேட்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்களில் 2015 முதல் உள்ள விதிப்படி, ஏறும்போது இடம் இருந்தால் சிறிய வாத்தியத்தைக் கைப்பையாகவே கொண்டுபோகலாம். பெரியதற்குத் தனி இருக்கை வாங்கலாம். 'உடையும் பொருள், எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று டேக்கில் கையெழுத்துக் கேட்டால், கெட்டியான பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டியிருப்பதைப் புகைப்படம் எடுத்துவைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

அம்மா இந்தக் கோடையில் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தாள். பிரிவு எண்கள் எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. ஊரில் பெட்டி கட்டும்போது திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். திரும்பும்போது அக்காவை எடுக்கச் சொன்னேன். பெல்ட்டிலிருந்து எடுத்ததும் நாலு சக்கரமும் உருளுதா பாரு, ஜிப்பைத் திறந்து பாரு, ஏதாவது உடைஞ்சிருந்தா சுங்கத்தைத் தாண்டாம அங்கேயே நின்னு எனக்குப் போன் போடு என்று சொல்லியிருந்தேன். திருச்சியில் இறங்கியதும் போன் வந்தது. "நாலும் உருளுதுடா. ஆனா கைப்பிடி வெளிய வர மாட்டேங்குது, என்ன பண்ணட்டும்?" கவுன்டரில் போய் பி.ஐ.ஆர். மட்டும் கேளும்மா, வேற எதுலயும் கையெழுத்துப் போடாத என்றேன். இருபது நிமிடத்தில் தாளோடு வெளியே வந்தாள். அன்று இரவே மின்னஞ்சலை அனுப்பினோம்.